எங்கட காசு எந்த உண்டியலில?

என் வேலையைப் பற்றி யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சாப்பாடு ஆறிப்போகும், பஸ் போய்விடும், நான் பேசிக்கொண்டே இருப்பேன். கல்யாண வீடுகளில் என்னிடம் "எங்கே வேலை?" என்று கேட்டவர்கள் கையில் தட்டோடு நெளிந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் விட்டதில்லை.

லண்டன் சிட்டியில் ஒரு சின்ன நிறுவனம். காபிக்கொட்டை, கோக்கோ இறக்குமதி செய்யும் வியாபாரிகளுக்காக பியூச்சர்ஸ் வாங்கி விற்கிறோம். பல மாதம் கழித்து வரப்போகும் காபிக்கு இன்றைக்கே விலை பேசி வைப்பதுதான் பியூச்சர்ஸ். அதை நேராகச் சந்தையில் போய்ச் செய்ய முடியாது, நடுவில் ஒரு புரோக்கர் வேண்டும். புரோக்கரிடம் மார்ஜின் என்று முன்பணம் கட்டி வைக்க வேண்டும். அந்தப் பணம் அங்கே எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை. கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கோ ஒவ்வொரு முறை ஒரு புரோக்கரின் வாசலில் நிற்கும்போதும் பரீட்சை ஹாலுக்குள் போகிற மாதிரி இருக்கும். பரீட்சை எனக்கல்ல, அவர்களுக்கு என்பதில் வரும் சந்தோஷத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வியாழக்கிழமை நான் போன இடம் கண்ணாடிக் கட்டடம், நல்ல காபி, பாதாம் பிஸ்கட். பெரிய திரையில் படம் போட்டுக் காட்ட இரண்டு பேர் தயாராக நின்றார்கள். படத்தை அப்புறம் பார்க்கலாம், வாடிக்கையாளர் பணத்தைத் தினமும் கணக்குப் போடுகிறவர் யாரோ அவர் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்றேன். இருவர் முகமும் சுருங்கியது. எனக்கு அது பிடிக்கும்.

நாற்காலி கிடைத்தது. பக்கத்தில் இருந்தது ஐம்பது வயதிருக்கும் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. தினமும் காலையில் அவர் செய்வது இதுதான்: வாடிக்கையாளர்களுக்குச் சேர வேண்டியது மொத்தம் எவ்வளவு, அவர்களுக்கென்று தனியாக வைத்த வங்கிக் கணக்குகளில் உண்மையில் இருப்பது எவ்வளவு என்று ஒத்துப் பார்ப்பது. குறைந்தால் கம்பெனி தன் கைக்காசைப் போட்டு அன்றைக்கே நிரப்ப வேண்டும். நான் கேட்டேன், "கடைசியாக எப்போது குறைந்தது?"

குறைந்ததே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அப்படிச் சொல்லும் இடங்களில்தான் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. அவர் யோசிக்காமல் சொன்னார், "போன செவ்வாய். வெளிநாட்டு வங்கி ஒன்று தாமதம் செய்தது. மதியத்துக்குள் நிரப்பிவிட்டோம்." காட்டினார். சரியாக இருந்தது. "நீங்கள் லீவில் போனால்?" என்றேன். எதிர் மேஜையைக் காட்டினார். அங்கே ஓர் இளைஞர் அதே கணக்கை, இவர் விடையைப் பார்க்காமல், முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். தினமும் இருவரும் தனித்தனியே போட்டுத்தான் ஒப்பிடுவார்களாம்! எழுந்து நின்று கை தட்டாததுதான் பாக்கி. பணத்தை ஒரே வங்கியில் குவிக்காமல் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு வங்கியும், "இது வாடிக்கையாளர்களின் பணம், கம்பெனி எங்களுக்குக் கடன்பட்டாலும் இதில் கை வைக்க மாட்டோம்" என்று எழுதிக் கொடுத்திருந்தது. பாதாம் பிஸ்கட்டையும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் நோர்பரியில் ரயிலை விட்டு இறங்கும்போதும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை. நான் வாடகைக்கு இருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரர்கள், யாழ்ப்பாணத்து அண்ணையும் அக்காவும். "அண்ணை" என்று சொல்ல என் திருச்சி நாக்குக்கு இன்னும் வரவில்லை, நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என் பேச்சைக் கேட்டு, "உது சினிமாத் தமிழ்" என்று கேலி செய்வார். இருவரும் சேர்ந்து நடத்திய கடையை, கட்டடத்தோடு, அதற்கு முந்தைய வருடம்தான் விற்றிருந்தார்கள். அண்ணா அன்று முதல் சமையலறை மேஜையில் லேப்டாப்பை விரித்து, பியூச்சர்ஸில் இறங்கிவிட்டார். தங்கம், காபி, சில நேரம் சர்க்கரை. சும்மா சொல்லக்கூடாது, நேரம் பார்த்து வாங்கி விற்பதில் கெட்டிக்காரர்.

அக்கா கேக் செய்வார். பிறந்தநாள், சாமத்தியவீடு (எங்கள் ஊர் மஞ்சள் நீராட்டு), கல்யாணம் என்று தெற்கு லண்டன் முழுக்க அவர் கேக் போகும். வீட்டு ஓவனில் ஒரு நேரத்தில் இரண்டுதான் வேகும் என்பதால், தோர்ன்டன் ஹீத்தில் ஒரு கடையைப் பார்த்து வைத்திருந்தார். அடுத்த புதன்கிழமை லீஸில் கையெழுத்து. முன்பணமும் பெரிய ஓவனும் கடை விற்ற பணத்திலிருந்து வர வேண்டும்.

அன்று நான் உள்ளே நுழைந்ததும் அண்ணா என் கோட்டைப் பார்த்துத் துள்ளினார். அந்த புரோக்கரின் பெயர் போட்ட விருந்தினர் ஸ்டிக்கரை உரிக்க மறந்திருந்தேன்.

"பிள்ளை, உது என்ர புரோக்கரெல்லே! அங்கயோ போனனீர்?"

ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாதுதான். ஆனால் எனக்கு இருந்த உற்சாகத்தில் வாய் சும்மா இருக்குமா? "நல்ல இடம் அண்ணா," என்றேன். "வாடிக்கையாளர் பணத்தைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கறாங்க."

"எனக்குத் தெரியும்!" என்றார். நெஞ்சு நிமிர்ந்தது. "நான் அங்க சும்மா ஆள் இல்லை. போன மாசம் என்னைப் புரொபெஷனல் ஆக்கிப்போட்டினம்."

என் உற்சாகம் அப்படியே வழிந்து காலுக்கு இறங்கியது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புரோக்கர்கள் வாடிக்கையாளரை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். சாதாரண ஆள் ரீட்டெயில். அடிக்கடி வியாபாரம் செய்து, கையில் பெரிய தொகையும் இருந்தால், எழுதிக் கேட்டு, அவர்கள் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, புரொபெஷனல் ஆகலாம். பட்டம் மாதிரி இருக்கிறதே தவிர, சாதாரண ஆளுக்குச் சட்டம் பிடித்திருக்கும் குடைகளில் சில அப்போது மடங்கிவிடும். ஆனால் அண்ணாவுக்கு அந்தச் சொல் என்னவென்று எனக்குத் தெரியும். இந்தச் சனத்தில் புரொபெஷனல் என்றால் டாக்டர், இஞ்சினியர், அக்கவுன்டன்ட். மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் விசாரிக்கும் சொல். அண்ணாவுக்கு ஊரில் இஞ்சினியரிங் கிடைத்திருந்தது. வகுப்பில் உட்காரும் முன்பே ஊரை விட்டு ஓட வேண்டி வந்தது. வந்த நாளிலிருந்து கல்லாவுக்குப் பின்னால் நின்றவர். அந்தச் சொல்லோடு ஒருவன் போன் செய்து, "சார், உங்களுக்குத் தகுதி இருக்கிறது" என்றால் யார்தான் வேண்டாம் என்பார்?

"அண்ணா," என்றேன் மெல்ல, "அதோட சேர்த்து டைட்டில் டிரான்ஸ்பர்னு ஏதாவது கையெழுத்து வாங்கினாங்களா?"

"ஓம். அதுக்குத்தானே மார்ஜின் குறைச்சுத் தந்தவை."

"அப்படின்னா என்னன்னு நெனச்சீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரீட்டெயில் எண்ட டைட்டிலை எடுத்துப்போட்டு புரொபெஷனல் எண்ட டைட்டிலைத் தரினம். வேற என்ன?"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. டைட்டில் என்றால் இங்கே பட்டம் இல்லை, உரிமை. அவர் போட்ட பணத்தின் உரிமையையே கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். காலையில் நான் பார்த்து மயங்கிய அந்தக் கணக்குகள், இரண்டு பேர் தனித்தனியே போடும் கூட்டல், வங்கிகள் எழுதிக் கொடுத்த உறுதி, எதுவும் அவர் பணத்துக்கு இல்லை. ரீட்டெயில் ஆளாகவே இருந்திருந்தால் இந்தக் கையெழுத்தை அவரிடம் கேட்கவே சட்டம் விட்டிருக்காது.

"கடை வித்த காசுல எவ்வளவு அண்ணா அங்க இருக்கு?"

"எல்லாம்," என்றார். "பெரிய தொகை இருந்தாத்தான் அந்த ரேட் தருவினம்."

சர்க்கரை மாவில் ரோஜாப்பூ பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

அண்ணாவுக்கு முகம் சிவந்தது. "நீர்தானே இப்ப நல்ல இடம் எண்டு சொன்னனீர்!"

"இடம் நல்ல இடந்தான். உங்க பணம் அந்த இடத்துல இல்ல."

"விளங்கேல்ல."

எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாமல் போனது அபூர்வம். அன்றைக்குப் போனது. டிரஸ்ட் என்றேன், கணக்கு என்றேன், கை கால் எல்லாம் ஆட்டினேன். கடைசியில் சுவரில் தொங்கிய கோயில் காலண்டர் கண்ணில் பட, அதைப் பிடித்துக்கொண்டு, "வாடிக்கையாளர் பணம்னா உண்டியல் மாதிரி அண்ணா" என்றேன்.

அண்ணாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லுமன்! உண்டியல் எனக்குத் தெரியாததே? அந்த நாளையில வீட்டுக்குக் காசு போனது முழுக்க உண்டியலிலதான். ஒரு சதம் குறைஞ்சதில்லை. அப்ப என்ர காசுக்கு ஒண்டும் இல்லை."

நான் திருதிருவென்று விழித்தேன். உண்டியலில் எப்படி வீட்டுக்குக் காசு போகும்? அக்காதான் சிரித்துக்கொண்டு விளக்கினார். சண்டைக் காலத்தில் இங்கே ஒரு கடைக்காரரிடம் காசைக் கொடுப்பார்களாம். அவர் ஒரு போன் செய்வார். ஊரில் அவருடைய ஆள் அம்மா கையில் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த ஏற்பாட்டுக்கே அவர்கள் பேச்சில் உண்டியல் என்று பெயர்.

"எங்க ஊர்ல உண்டியல்னா கோயில்ல பூட்டுப் போட்டு வச்சிருப்பாங்களே அக்கா, அது!"

"அதுவும் உண்டியல்தான். ஆர்ச்வேயில கோயிலுக்குப் போனால் அதிலதானே போடுறம்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உண்மையாகவே எழுந்து, சமையலறைக்குள் இரண்டு நடை நடந்தேன். இந்த விஷயத்தைப் பற்றி எத்தனை வக்கீல்கள் பேசக் கேட்டிருக்கிறேன், எத்தனை பாடம் எடுத்திருக்கிறேன், ஒரே சொல்லில் இரண்டு பக்கமும் இப்படி வந்து உட்கார்ந்ததில்லை.

"அண்ணா, கேளுங்க. நீங்க கடைக்காரர்கிட்ட குடுத்த நோட்டு ஊருக்குப் போச்சா?"

"இல்லை. நோட்டு அவரோட. அவர் சாமான் வாங்குவார், வாடகை கட்டுவார்."

"அப்ப உங்களுக்கு என்ன இருந்துச்சு?"

"அவற்ற சொல்."

"ஊர்ல ஆள் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கடை நொடிச்சுப் போயிருந்தா?"

அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோயில் உண்டியல்ல போட்டது அப்படி இல்ல. ஐயருக்குக் கடன் இருந்தாலும், டிரஸ்டிக்குக் கடன் இருந்தாலும், கடன் குடுத்தவங்க வந்து அந்தப் பூட்டை உடைக்க முடியாது. அது சாமியோடது. அவங்க பாத்துக்கறவங்க மட்டுந்தான். காலையில நான் பாத்தது அந்த உண்டியல். அதுல எல்லாரோட காசும் ஒண்ணாத்தான் கெடக்கும், ஒரு குறை வந்தா எல்லாருமாச் சேந்துதான் தாங்கணும், அதையும் சொல்லிடறேன். ஆனா கம்பெனியோட கடனுக்கு அது போகாது."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். "அப்ப எங்கட காசு எந்த உண்டியலில இருக்குது?"

அவர் கேட்டது அண்ணாவைப் பார்த்து. அண்ணா லேப்டாப்பைப் பார்த்தார்.

"அது பெரிய கொம்பனி. விழாது," என்றார் கடைசியில்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. கோபம் வந்தால் எனக்கு வயது வித்தியாசம் தெரியாது. "விழும்னு நான் சொன்னேனா? விழாதுன்னும் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாது. விழுந்தா யார் காசு யாருக்குன்னு, நிக்கும்போதே கேட்டு வைக்கணும். விழுந்தப்புறம் கேட்டா கடன் குடுத்தவங்க வரிசையில நின்னு கேக்கணும், அதுவும் கடைசியில!"

அவர் எழுந்து போய்விட்டார். அதிகம் பேசிவிட்டேனோ என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா, "சொல்லத்தானே வேணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வீட்டிலிருந்தே வேலை செய்வதாக ஆபீஸுக்குச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அண்ணா சவரம் செய்து, சட்டை மாற்றி, போனை மேஜைமேல் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஒரு பையனின் குரல், மரியாதைக்குக் குறைவில்லை. டைட்டில் டிரான்ஸ்பர் வேண்டாம், என்னை மறுபடியும் ரீட்டெயில் ஆக்குங்கள் என்று அண்ணா ஆங்கிலத்தில் சொன்னார்.

"நிச்சயமாகவா சார்? புரொபெஷனல் அந்தஸ்து போய்விடும். மார்ஜினும் கூடும்."

அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லை அவர் வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை, நானே போனைப் பிடுங்கிப் பேசிவிடலாமா என்று இருந்தது. அவர் போன் பக்கம் குனிந்தார். "யெஸ்," என்றார். "நான் ஒரு கடைக்காரன். என்னைக் கடைக்காரன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதி அனுப்பச் சொன்னான், உடனே அனுப்பினோம். மார்ஜின் கூடியதால் காபியில் பாதியை அன்றைக்கே விற்க வேண்டி வந்தது. விற்று முடித்த கையோடு காபி ஏற ஆரம்பித்தது. அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டு, "பாரும்! இப்ப ஏறுது பாரும்! உம்மாலதான்!" என்று கத்தினார். நான் சிரித்தேன். கத்துகிற ஆள் சரியாகிவிடுவார்.

வியாபாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாடிக்கையாளர் கணக்கில் வைத்துவிட்டு, மிச்சத்தை வங்கிக்கு அனுப்பக் கேட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள். சனியும் ஞாயிறும் திங்களும் அந்தப் பணம் கம்பெனியுடையதுதான். கம்பெனிக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று என் புத்திக்குத் தெரியும். ஆனாலும் நேரம் கிடைத்தபோதெல்லாம் போனில் செய்தி பார்த்தேன். அந்த புரோக்கர் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது, எங்கள் காபி வியாபாரிகளின் பணத்தையும் நம்பி அங்கேதான் வைத்திருக்கிறோம். அந்த மூன்று நாள் மட்டும் எனக்கு எந்த நியாயமும் ஏறவில்லை.

செவ்வாய் மதியம் அண்ணா கீழே இருந்து கத்திய கத்தலில் நான் செருப்பில்லாமல் ஓடினேன். வங்கியிலிருந்து மெசேஜ். வந்துவிட்டது! முழுதாக, சொன்ன நாளில், சொன்னபடி. அவர் போனை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். நான் குதித்தேன். அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன், என் சுடிதார் எல்லாம் சர்க்கரைப் பொடி. "நாளைக்குக் கையெழுத்து அக்கா! கடை உங்களுக்குத்தான்!" என்றேன். அண்ணா, தானே போய்ச் சண்டை போட்டு மீட்டு வந்தவர் மாதிரி, எல்லாருக்கும் தேத்தண்ணி போடப் போனார்.

தேத்தண்ணி வந்தது. அக்கா குடிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றார். "அவங்கள் உங்களுக்கு வார்னிங் அனுப்பினவங்கள் எல்லே, கையெழுத்து வைக்க முதல்?"

"ஓம். நான்தான் வடிவா வாசிக்கேல்ல."

"எனக்கு ஆர் அனுப்பினது?"

அண்ணாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கையிலிருந்த கோப்பையை மெல்ல மேஜையில் வைத்தேன்.

"கடையில நானும்தானே நிண்டன்," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "அதில பாதி என்ர காசு. நீங்கள் அதைக் கொண்டுபோய் ஆரோ ஒருத்தன்ர பேருக்கு மாத்தினது எனக்கு இந்தப் பிள்ளை கேட்டதாலதான் தெரியும். என்ர பங்கை என்ர பேரில பிரிச்சு விடுங்கோ. இப்ப."

"என்னையே நம்பேல்ல நீர்?"

"நம்பிறது வேற. பிரிச்சு வைக்கிறது வேற."

நான் மாடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். போகவில்லை. நான் எத்தனை கண்ணாடிக் கட்டடங்களில் போய் உட்கார்ந்து, என்னென்னவோ கேள்விகள் கேட்டு, பாத்துக்கறவங்க யார், உரிமைக்காரங்க யார் என்று துருவியிருக்கிறேன். தினமும் நான் ஏறி இறங்கும் மாடிப்படிக்குக் கீழே ஒரு வாடிக்கையாளர் கேக் செய்துகொண்டிருந்ததை நானும் பார்க்கவில்லை.

அண்ணா தன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். "அப்ப முதல்ல நீர் ஒரு கணக்குத் திறக்க வேணும்," என்றார். "ஜாயின்ட் கணக்கு மட்டும்தானே இருக்குது."

அக்கா எதையும் எடுத்துப் பார்க்காமல் எண்ணைச் சொன்னார். முதலில் கிளை எண், பிறகு கணக்கு எண், நிதானமாக, அவர் தட்டுவதற்கு நேரம் கொடுத்து.

"எப்ப திறந்தனீர்?"

"வெள்ளிக்கிழமை," என்றார் அக்கா. "நீங்கள் போனில கதைச்சுக்கொண்டிருக்கேக்க."